யாருக்கோ வாங்கிய எண்ணெய்

சுசேதாதியின் பார்வை ஷியாமளா வீட்டு அடுப்பு மேடைக்குக் கீழே போய் நின்றது.

அங்கே ஒரு ஐந்து லிட்டர் கேன். லேக் மார்க்கெட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரணப் பாமாயில்.

கோமதி குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

சுசேதாதி பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. கிறிஸ்துமஸுக்குப் பள்ளி முழுவதற்கும் கேக் சொல்ல வந்திருந்தார். போன மாதம்தான் பிள்ளைகள் நாடகம் போட்டிருந்தார்கள், பாமாயிலுக்காகக் காட்டை வெட்டியதில் போக்கிடம் இல்லாமல் நிற்கும் ஒரு மனிதக்குரங்கைப் பற்றி. அதனால் பள்ளிக்கு ஒரே நிபந்தனை. காட்டை அழிக்காமல் எடுத்த, முத்திரை போட்ட எண்ணெயில்தான் கேக் செய்ய வேண்டும்.

லேக் கார்டன்ஸில் அதற்குப் பேர்போனவள் ஷியாமளா. அந்த எண்ணெய் கிடைக்காத வாரத்தில் ஆர்டரையே வேண்டாம் என்பாள். கணவர் பத்மநாபன் பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து அவள் கேக்தான் குடும்பத்தை நடத்துகிறது. மாடி வீட்டுக் கோமதிக்கும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். கோமதியும் இப்போது அதே முத்திரையைச் சொல்லித்தான் விற்கிறாள்.

இது கேக்குக்கா என்று சுசேதாதி வங்காள மொழியில் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை.

இல்லை, வேறொருவர் வாங்கிவரச் சொன்னது என்றாள் ஷியாமளா. அவசரமாக அலமாரியைத் திறந்து முத்திரை போட்ட பாக்கெட்டுகளைக் காட்டினாள்.

யார் அந்த வேறொருவர்?

ஷியாமளா பாக்கெட்டுகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.

உள்ளறையில் பத்மநாபன் இருமினார்.

பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வது என்று முணுமுணுத்தபடி சுசேதாதி எழுந்தார். வாசலில் நின்று, நீங்களும் கேக் செய்கிறீர்கள் அல்லவா என்று கோமதியிடம் விசாரித்தார்.

அக்கா இருக்கும்போது நான் எப்படி என்று கோமதி இழுத்தாள். எடுத்துக்கோ என்று ஷியாமளாதான் தலையசைத்தாள். கண் நிறைந்திருந்தது.

சாயங்காலம் அவளே கேனைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள்.

"உன் பேரைச் சொல்லலடி கோமதி. சொல்லியிருந்தா உன் வியாபாரமும் சேர்ந்து போயிருக்கும்."

கோமதி கேனை வாங்கி உள்ளே வைத்தாள். காபி போடட்டுமா அக்கா என்று கேட்டாள். ஷியாமளா வேண்டாம் என்று இறங்கிப் போனாள்.

சுசேதாதி வரப்போகும் சேதியை முந்தின நாள் ஷியாமளாதான் சந்தோஷமாகச் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் கோமதி இந்த எண்ணெயை வாங்கிவரச் சொன்னாள். நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன், உங்கள் அடுப்படியிலேயே இருக்கட்டும் என்றாள்.

கடைக்குப் போய்வர கோமதிக்கு ஆள் இல்லாமல் இல்லை. யார் கேட்டாலும் அவள் பேரைச் சொல்லாத ஆள் ஷியாமளா ஒருத்திதான்.