பச்சைப் பக்கம்

தென்னைமரத்தில் வடு அப்படியே இருந்தது.

இடுப்பு உயரத்தில், பட்டை உரிந்து. ஒரு வருடத்து வெயிலும் மழையும் அதைக் கறுக்க வைத்திருந்தன. மூடவில்லை.

அவன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அதையே பார்த்தான்.

புதிய சீசனின் முதல் கார் ரேலி. வளைவு முழுக்க ஆட்கள். பல்லடத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வந்து, பைக்குகளை வரப்போரம் நிறுத்தியிருந்தார்கள். தோப்புக்கு அப்பால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"கப்பு இந்த வருசமும் நம்ம கிருபாகரனுக்குத்தானுங்ணா. நீல வண்டிய எவன் தொடறது?" பக்கத்தில் நின்ற இளைஞன் சொன்னான். "என்னுங்ணா, போன வருசம் தொண்ட கிழியக் கத்துனீங்க. இப்ப எழவு வீட்டுக்கு வந்தாப்ல நிக்கறீங்க?"

அவன் சிரிக்க முயன்றான்.

கையில் தண்ணீர் பாட்டில். தோளில் துணிப்பை. பைக்குள், துவைத்து மடித்த பழைய வேட்டித் துணி. மனைவிதான் வைத்தாள். எதற்கென்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

போன வருடம் இதே வளைவு.

வெள்ளை வண்டி அந்த மரத்தில் மோதிக் கவிழ்ந்தது. ஓட்டியவன் ஊர்ந்து வெளியே வந்து மண்ணில் சரிந்தான். பக்கத்து இருக்கையில் வழி சொல்லி வந்தவன் உள்ளேயே இருந்தான்.

ஜன்னல் வழியே ஒரு கை வந்தது. கையில் அட்டை.

எல்லா வண்டியிலும் அந்த அட்டை உண்டு. பச்சைப் பக்கம் காட்டினால், நாங்கள் நலம், நீ போ. சிவப்புப் பக்கம் காட்டினால், உதவி வேண்டும். சிவப்பைக் கண்டால் பின்னால் வருபவன் நிறுத்தியே ஆகவேண்டும். பந்தயம் போனாலும்.

அந்தக் கை பச்சையைக் காட்டியது.

கூட்டம் கைதட்டியது. அவனும் தட்டினான். பின்னால் வந்த நீல வண்டியைப் பார்த்து, "போ, போ" என்று கத்தினான்.

நீல வண்டி போனது.

புழுதி அடங்கியபோதும் அட்டை பச்சையாகவே இருந்தது. கைதான் அசையவில்லை.

மறுநாள் செய்தித்தாளில் இறந்தவனின் பெயர் தெரிந்தது. தருமன். அதே பக்கத்தில், கோப்பையோடு கிருபாகரன்.

யார் மீதும் தவறில்லை என்றார்கள்.

இல்லைதான்.

கோயிலில் தருமனுக்காக மோட்ச தீபம் ஏற்றினான். அந்தக் கை கண்ணைவிட்டுப் போகவில்லை. பஸ் ஜன்னலில் நீளும் கை, திருநீறு வாங்க நீளும் கை, எல்லாமே அதுவாக இருந்தது.

வீட்டுச் சுவரில் கிருபாகரனின் படம் இருந்தது. கழற்ற மனம் வரவில்லை. பார்க்கவும் முடியவில்லை. சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினான்.

அந்தப் படத்திடம் அவனுக்கு ஒரு கேள்விதான்.

உனக்கும் அந்தக் கை தெரிகிறதா?

விசில் ஒலித்தது.

மஞ்சள் வண்டி முதலில் வந்தது. வளைவில் பின்பக்கம் வழுக்கியது. மரத்தைத் தவிர்த்தது. நேராகப் போய் வாய்க்காலில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

ஓட்டியவன் தள்ளாடி இறங்கி, தலையைப் பிடித்தபடி கரையில் உட்கார்ந்தான்.

ஜன்னல் வழியே ஒரு கை வந்தது.

அட்டை. பச்சை.

கூட்டம் கைதட்டியது.

அவன் தட்டவில்லை. கயிற்றுக்கு அடியில் குனிந்தான். பாதுகாப்புக்கு நின்ற மார்ஷல் ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"எங்கீங்க போறீங்க? அடுத்த வண்டி வருது. அதான் ஓகே காட்டறாங்கல்ல!"

அடுத்த வண்டியின் சத்தம் கேட்டது. தூக்கத்திலும் அவனுக்கு அடையாளம் தெரியும் சத்தம்.

முருகா, என்றான்.

நீல வண்டி வளைவுக்குள் வந்தது. பச்சை அட்டையைக் கடந்தது.

ஓரமாக ஒதுங்கி, நின்றது.

"அட, ஓகேதானுங்க! போங்க! போங்க!" கூட்டம் கத்தியது. பக்கத்து இளைஞன் தலையில் கைவைத்துக்கொண்டான். "போச்சு. கப்பு போச்சு."

கிருபாகரன் இறங்கினான். அவனோடு வந்தவன், பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க ஓடினான். கிருபாகரன் வாய்க்காலில் குதித்து ஜன்னலருகே மண்டியிட்டான்.

"தம்பி, நெசமாவே நல்லாருக்கியா?"

"ஓகேங்ணா." உள்ளிருந்து வந்த குரல் மிகச் சிறியதாக இருந்தது. "நீங்க போங்க. டைம் போகுது."

கிருபாகரன் ஹெல்மெட்டைக் கழற்றிச் சேற்றில் வைத்தான்.

"டைம் கெடக்குது. நீ சொல்லு."

கூட்டத்தின் சத்தம் மெல்ல அடங்கியது. காற்றாலை சுற்றும் ஓசை முதல்முறையாகக் கேட்டது.

மார்ஷலின் பிடி தளர்ந்தது. அவன் தண்ணீரோடும் துணியோடும் வாய்க்காலில் இறங்கினான்.

பச்சை அட்டை தாழ்ந்தது.

பிறகு மெதுவாகச் சிவப்புக்குத் திரும்பியது.

அவன் கண்ணுக்கு, அதை இரண்டு கைகள் திருப்பின: இந்தக் கையும், போன வருடத்துக் கையும்.