நாலு அங்குலம் இடதுபக்கம்

“மறுபடியும் இடதுபக்கமா? திங்கட்கிழமைதானே நேராக்கிக் கொடுத்தேன்?” என்று கேட்டபடி வில்லை வாங்கினான் கர்ட்.

“நேராத்தான் இருந்துது. ரெண்டு நாள்ல திரும்பக் கோணிக்கிச்சு,” என்றார் நார்பர்ட்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து அந்தச் சிற்றூருக்கு கர்ட்டுடையதுதான் ஒரே வில் கடை. மான் வேட்டை சீசன் தொடங்க இரண்டே நாள் இருந்தது. அறுபத்தெட்டு வயது நார்பர்ட் இந்த மாதத்தில் ஆறாவது முறையாக வந்திருக்கிறார். கூடவே அவர் மனைவி டார்லீனும், வேடிக்கை பார்க்க வந்தவளின் உற்சாகத்தோடு.

கடைக்குப் பின்னால் இருந்த களத்தில் நார்பர்ட் இரண்டு அம்பு விட்டார். சாதாரண முனை வைத்த அம்பு நட்ட நடுவில் தைத்தது. வேட்டைக்கான பிளேடு முனை வைத்த அம்பு நாலு அங்குலம் இடதுபக்கம் போய் நின்றது.

“கண்ணாடியைத் துடைச்சீங்களா?” என்றான் கர்ட்.

“துடைச்சேன், காத்து பார்த்தேன், மூச்சை அடக்கித்தான் விட்டேன். கோளாறு வில்லுலதான்.”

“வில்லுல ஒண்ணும் இல்லை,” என்றாள் டார்லீன். “இவரு பேசறதைக் கேட்டு அம்பு முகத்தைத் திருப்பிக்குது. நாப்பது வருஷமா நானும் அதைத்தான் பண்றேன்.”

கர்ட் சிரித்துக்கொண்டே சட்டத்தில் காகிதத்தை மாட்டி, அதன் வழியாக ஓர் அம்பை விட்டான். நேராகப் பறக்கும் அம்பு என்றால் வட்டமாக ஒரு துளைதான் விழ வேண்டும். இது பக்கவாட்டில் ஒரு அங்குலத்துக்குக் கிழித்திருந்தது. வில்லில் அம்பு படுக்கும் தாங்கியின் திருகை இளக்கி, தாங்கியை ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளி இறுக்கினான். மறுபடி விட்டபோது துளை சுத்தமாக விழுந்தது.

“இப்ப நீங்க விடுங்க.”

நார்பர்ட் விட்டார். இரண்டு அம்புகளும் உரசிக்கொண்டு நின்றன.

“பார்த்தீங்களா? இங்க ஒழுங்கா இருக்குது, உங்க வீட்டுக்குப் போனாத்தான் புத்தி மாறுது,” என்றான் கர்ட். “வெள்ளிக்கிழமை ஊர் மீன் விருந்துல எல்லாரும் உங்க பேச்சுதான். நீங்க அடிக்கப்போறது பன்னிரண்டு கிளைக் கொம்பு வச்ச மான், அதோட தலையை மாட்ட சுவத்துல ஆணிகூட அடிச்சாச்சாமே?”

“அடிச்சாச்சு. இப்போதைக்கு அதுல என் குடை தொங்குது,” என்றாள் டார்லீன்.

நார்பர்ட் நெஞ்சை நிமிர்த்தினார். “கேலி பண்ணுங்க. பிளேடு முனை நேராப் போகாத வில்லோட நான் காட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். இவ தம்பி பில் இருக்கானே, முனையை மாட்டுவான், போவான், விடுவான். போன வருஷம் அடிபட்ட மான் மூணு பண்ணை தாண்டி ஓடிச் செத்துது. வேட்டைக்காரனுக்கு ஒரு ஒழுக்கம் வேணும்ப்பா.”

“இந்தத் தடவை திருகுல பசை விட்டுடறேன்,” என்றான் கர்ட். “இடி விழுந்தாலும் அசையாது. சனிக்கிழமை விடியும்போது உங்க ஒழுக்கத்தோட மரத்துப் பரண்ல உக்காந்திருக்கலாம்.”

நார்பர்ட் அம்புகளைப் பிடுங்கி வருவதாகச் சொல்லி, களத்தின் மறுகோடிக்கு மெதுவாக நடந்தார்.

டார்லீன் சட்டென்று கர்ட்டின் பக்கம் குனிந்தாள். “பசை வேண்டாம்.”

“ஏன்?”

“அந்தத் திருகை நான்தான் திருப்பறேன்.”

கர்ட் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“ஏப்ரல்ல சமையலறையில தலைசுத்தி விழுந்தாரு. ஏணிப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பரண் இருபதடி உயரத்துல இருக்கு. ஏறாதீங்கன்னு நான் சொன்னா அன்னைக்கே ஏறிடுவாரு. வில்லு கோணலா இருந்தாத்தான் வீட்டுல அடங்கி இருப்பாரு. அதான் அவரு தூங்கினதும், திருகு திருப்பற அவரோட அலன் கீயையே எடுத்து அரைச் சுத்து விடறேன்.”

“அவருக்குச் சந்தேகம் வரலையா?”

“அவருக்கா? கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடற மனுஷன்.”

இத்தனை நாள் கிழவரைக் கிண்டல் செய்ததை நினைத்தபோது கர்ட்டுக்கு என்னவோ போல் இருந்தது. கடைக்குள் போய், பசைக்குப்பியை மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடினான். நார்பர்ட் டார்லீனோடு உள்ளே வந்ததும், “பசை தீர்ந்துபோச்சுங்க,” என்றான்.

“பரவாயில்லை, விடு,” என்ற நார்பர்ட் மனைவியிடம் திரும்பினார். “நீ போய் வண்டியை எடு. இதோ வரேன்.”

அவள் போய்க் கதவு மூடியதும் குரலைத் தாழ்த்தினார். “சொல்லிட்டாளா?”

“எதைங்க?”

“நடிக்காதப்பா. பின்னே அம்பு பிடுங்க நான் எதுக்கு அவ்வளவு மெதுவாப் போனேன்?” நார்பர்ட் சன்னல் வழியாக ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வில்லை அவன் முன்னால் வைத்தார். “இந்தத் திருகு ரொம்ப இறுக்கமா இருக்கு, கொஞ்சம் இளக்கிக் கொடு. செவ்வாயும் வியாழனும் அவ கிளப்புல பந்து உருட்டற பௌலிங் விளையாடிட்டு வந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடறா. அந்த ரெண்டு நாளும் நான்தான் எழுந்து திருப்ப வேண்டியிருக்கு.”