அக்காவின் எலி

அக்காவின் ஆய்வுக்கூடத்தில் எலி எழுந்து நடந்தது என்று அம்மா வாய்தவறிச் சொன்னதும், சின்னவளுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறினாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்க்க இறங்கிய இடத்தில் கால் தவறி விழுந்தவன், போன மழைக்காலத்திலிருந்து இடுப்புக்குக் கீழே தொட்டாலும் கிள்ளினாலும் ஒன்றுமே தெரியாமல் கட்டிலோடு கிடக்கிறான்.

கூடப் பிறந்தவளோ, நரம்பை வளரச் சொல்லிச் செல்லுக்குச் செய்தி அனுப்பும் ஏதோ ஒரு மூளைப் புரதத்தை வைத்து, முதுகு முறிந்த எலிகளை நடக்கவிட்டுக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளில் மூச்சு விடவில்லை.

"எலிக்கு இருக்கிற மவுசுகூட என் புருஷனுக்கு இல்லையாக்கா?"

மனிதருக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை, கொடுக்க அனுமதியும் இல்லை என்று அக்கா பொறுமையாகச் சொன்னாள்.

அந்தப் பொறுமைதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை. கைக்கு அகப்பட்ட கண்ணாடிக் குடுவையைச் சுவரில் அடித்தாள். அக்கா மேலே படிப்பதற்காகத் தன் படிப்பு நின்றதிலிருந்து எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக் கத்தினாள்.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து அடுத்த அறைக்கு இழுத்துப்போய், ஒரு கூண்டின் முன்னால் நிறுத்தினாள்.

எலி நடந்தது.

பிறகுதான் சின்னவள் அதன் பின்னங்காலைக் கவனித்தாள். விரல்கள் இல்லை.

நரம்பு வளர்ந்தது நிஜம்தான், ஆனால் கண்ட இடத்துக்கும் போய்விட்டது என்றாள் அக்கா. காற்று பட்டாலே நெருப்பு பட்டதுபோல் எரியும். பொறுக்கமுடியாமல் தன் விரலைத் தானே கடித்துத் துப்பிவிட்டது.

சின்னவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார்மேல் என்பதுதான் குழம்பிப்போயிருந்தது. அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் ஒன்று விடாமல் கொட்டினாள். கடித்த விரல்களைப் பற்றியும் வேண்டுமென்றேதான் சொன்னாள். நடக்கும் ஆசை இன்றோடு விட்டுப்போகட்டும் என்று நினைத்தாள்.

அவன் கண் கலங்கியது. பயந்துவிட்டான் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். விழுந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை.

"கால் விரல் வரைக்கும் எரியுமாமா?"