பதினேழாம் எண் கட்டுரை

பேராசிரியர் அகின்லாபி பதினேழாம் எண் கட்டுரையை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"தெமிலாடே, இங்க வா. இந்தக் கூத்தைப் பாரு."

இபாதானின் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகளாக இதயச் செல்களின் அயனி வாய்க்கால்களை அளந்துகொண்டிருக்கும் தெமிலாடே அருகே வந்து நின்றாள்.

"கசப்பிலைச் சாறு பொட்டாசியம் வாய்க்காலை அடைக்குதாம்! இவன் அளந்தது செல்லோட மின்னோட்டத்தையா, பக்கத்து ஜெனரேட்டர் இரைச்சலையா?"

"முழுசா படிச்சீங்களா, புரொஃப்?"

"ரெண்டு பக்கத்துக்கே தலைவலி வந்துடுச்சு. இந்த மாதிரி முட்டாளெல்லாம் எனக்குப் போட்டியா?"

லாகோஸில் திறக்கவிருக்கும் ஆய்வு மையத்தின் தலைமைப் பதவிக்கான போட்டி அது. பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு, போட்டியாளர்களின் கட்டுரைகளைக் குலுக்கல் முறையில் அவர்களுக்கே அனுப்பி மதிப்பெண் கேட்டிருந்தார்கள். யாராவது ஒருவர் பூஜ்யம் போட்டால் போதும், ஆள் காலி.

"பூஜ்யம்னு எழுது. காரணம், 'எழுதியவருக்கு அயனி வாய்க்கால் என்றால் என்னவென்றே தெரியவில்லை.'"

அவருடைய எழுத்து வேலையெல்லாம் அவள் தலையில்தான். ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதிக் கொடுத்தாள். அவர் எண்ணெயில் பொரித்த பஃப்-பஃப் உருண்டையைக் கடித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. அகின்லாபியின் முகம் வெளிறியது.

பதினேழாம் எண்: பேராசிரியர் அகின்லாபி. நிராகரிக்கப்பட்டது.

"அடிப்பாவி! நீ எழுதிக் கொடுத்த கட்டுரைதானே அது? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நானா?" என்றாள் தெமிலாடே. "என் பேரை அடிச்சுட்டு உங்க பேரை மட்டும் போட்டு அனுப்பினீங்க, புரொஃப். சொந்தக் கட்டுரை உங்களுக்கே தெரியாதா?"