ஆமை வயிற்றில் வாப்பா கடை

வேம்பார் கடற்கரையில் பொறுக்கிய குப்பையால் இக்ரா செய்த ஆமை, கோவில்பட்டிப் பள்ளியின் கண்காட்சி மேசையில் இருக்கிறது. ஜன்னல் வெயில் அதன் வயிற்றிலுள்ள பிளாஸ்டிக் கவர்களை ஊடுருவி மஞ்சளாக விழுகிறது. பார்க்க வந்த பக்ருன்னிசா மாமி ஒரு கவரில் விரல் வைத்து வாசிக்கிறார். என்றோ மூடிவிட்ட அவருடைய வாப்பாவின் கடலைமிட்டாய்க் கடைப் பெயர், உப்பேறிய அந்தக் கவரில் அழியாமல் இருக்கிறது. "இதை வாயால ஊதித் திறந்துதான் வாப்பா மிட்டாய் போடுவாவ" என்கிறார். "பிச்சுத் தரட்டுமா மாமி? நான் வேற கவர் ஒட்டிக்கிடுதேன்" என்கிறாள் இக்ரா. மாமி கவரின் சுருக்கத்தை நீவிவிடுகிறார். "வேண்டாம்ட்டி, இங்கனயே இருக்கட்டும். பேரை மட்டும் உள்பக்கமாத் திருப்பிரு, ஆமை தின்ன குப்பையில வாப்பா கடைப் பேரு வெளிய தெரிய வேண்டாம்." இக்ரா திருப்பி ஒட்டுகிறாள். வெயிலில் எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரிகின்றன. மாமி அதையும் வாசிக்கிறார்.