பொன்மணி திருத்திய கடிதம்

தி.நகர் டைப்பிங் சென்டரில் சாய்சரண் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரிடம் ஆராய்ச்சி இடம் கேட்டு எழுதி நீட்டிய கடிதத்தைப் படித்த பொன்மணி, டைப் அடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

"பேரை மாத்தினா இதை எந்த அமெரிக்கப் புரொபசருக்கும் அனுப்பலாம் சார். இவரோட கட்டுரையைப் படிச்சு, உங்களுக்கு வந்த சந்தேகத்தை எழுதுங்க."

டைப்பிஸ்ட் சொல்லி நாம் கேட்பதா என்று எரிச்சல் வந்தாலும், அப்படியே எழுதிக்கொண்டு வந்தான்.

இரண்டு மாதத்தில் பேராசிரியர் அவனை ஆராய்ச்சி மாணவனாக ஏற்றுக்கொண்டார். ஸ்வீட் பாக்ஸோடு வந்தான்.

"ரொம்ப நன்றிங்க. இப்படி எழுதணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் என் கடிதத்தை இப்படித் திருத்தச் சொன்னதே அந்தப் புரொபசர்தான். நானும் எம்.எஸ்ஸி."

சாய்சரணுக்குப் பகீரென்றது. "அப்போ உங்க இடத்தை நான்..."

"இல்லீங்க, எனக்கும் அவர்கிட்டயே இடம் கிடைச்சாச்சு. தனியா எப்படிப் போவேன்னு அம்மா அழுதாங்க. இப்போ துணைக்கு நீங்க இருக்கீங்க. நான்தான் நன்றி சொல்லணும்."