மாத்தியாச்சு

அருவியில குளிச்சுட்டு ஈரத் தலையோட வந்த ராமலட்சுமிக்குப் பகீர்னு ஆயிட்டு.

ஐந்தருவி கார் நிறுத்துற இடத்துல, டீக்கடை பெஞ்சுல அவ அப்பா உக்காந்திருக்காரு. வாதம் வந்து பேச்சு போன மனுஷன். சாரல் அடிச்சுக்கிட்டு இருக்கு. தலையில டிரைவர் பேச்சிராஜோட சட்டை. அவன் பனியனோட நின்னு முதுகைத் தடவி விடுதான். பக்கத்துல அவங்க கார் நாலு கதவும் தொறந்தபடி சும்மா கெடக்கு.

"ஏசியைப் போட்டுத்தான அப்பாவை உள்ள உக்கார வச்சேன்? யாரு நிப்பாட்டுனது?"

"நாந்தாம்மா."

"ஒரு சளி பிடிச்சாலும் தாங்க மாட்டாருன்னு டாக்டர் சொன்னப்ப நீயும் கூடத்தான நின்ன?"

"ஐயாவுக்கு உள்ள மூச்சு முட்டுச்சும்மா. தலை தொங்கிட்டு."

"ஏசி வண்டியில மூச்சு முட்டுமா? கேக்கவன் கேணையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பியே. எங்க கூட அருவிக்குப் பையைத் தூக்கிட்டு வந்தவன், வண்டியில ஏசி ஓடுதுன்னு நான் சொன்ன உடனே பையை ரோட்டுலயே போட்டுட்டுத் திரும்பி ஓடுன. இதுக்குத்தானா?"

பேச்சிராஜ் அவ வீட்டுக்காரர் விஜயசங்கரைப் பாத்தான். அவரு துண்டைப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தாரு. பிழிஞ்ச துண்டையே மறுபடியும் பிழிஞ்சாரு.

"வண்டியில கோளாறுன்னாலும் ஒரு நியாயம் இருக்கு. என்ஜின்ல டிக் டிக்னு சத்தம் வந்துச்சு, கேஸ்கட்டுத் தகடு போச்சுன்னாக, அதையும் போன மாசமே மாத்தியாச்சு. என்னங்க, மாத்தியாச்சுல்ல?"

"ம்... மாத்தியாச்சு."

பேச்சிராஜ் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"தப்புதாம்மா."

"சாவியைக் கொடு. நாளையில இருந்து நீ வரண்டாம்."

ஏழு வருஷமா அந்த வீட்டு வண்டி ஓட்டுதவன். சாவியை அவ கையில கொடுத்தான்.

அப்பாதான் விடல. விளங்குத இடது கையால அவன் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லப் பாத்தாரு. சத்தம்தான் வந்துச்சு.

"பாத்தியா, அப்பாவுக்கே உம்மேல எவ்வளவு கோவம்னு" சொல்லிக்கிட்டே ராமலட்சுமி அந்த விரல்களை ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டா.

தென்காசி வரைக்கும் விஜயசங்கர்தான் ஓட்டுனாரு. ஏசி போடச் சொன்னதுக்கு, "காத்து நல்லா வருதுல்லா" ன்னு நாலு கண்ணாடியையும் எறக்கி விட்டாரு.

மறுநாள் காலையில அவரு சுரண்டையில இருக்க தன் கடைக்கு பைக்குல கெளம்பிப் போயாச்சு. அப்பாவுக்கு லேசா இருமல் இருந்துச்சு. டாக்டர்கிட்டக் காட்ட ராமலட்சுமியே அவரை கார்ல ஏத்தி உக்கார வச்சு, வண்டியைக் கெளப்புனா. முன்னாடி கேட்ட அதே சத்தம். டிக் டிக் டிக்.

ஏசியைப் போட்டு, கதவைச் சாத்திட்டு, டாக்டர் சீட்டை எடுக்க வீட்டுக்குள்ள வந்தா. எரிச்சல் தாங்காம அப்படியே மெக்கானிக் நாறும்பூநாதனுக்குப் போன் போட்டா.

"ஏன் அண்ணாச்சி, புதுசா மாத்துன கேஸ்கட்டு ஒரு மாசம் கூடத் தாங்காதா?"

"யாரும்மா மாத்துனா? வாங்கி வச்ச கேஸ்கட்டு இந்தா எங்கிட்டதான் கெடக்கு."

"மாத்தியாச்சுன்னு சொன்னாகளே?"

"அது என்ஜினுக்கும் புகைக் குழாய்க்கும் நடுவுல இருக்க தகடும்மா. டர்போ வண்டியில அந்த எடம் தீயாக் கொதிக்கும். தகடு கருகிப் போச்சு. போல்ட்டோட சேத்து மாத்தணும், ரெண்டு நாள் வண்டியை விடுங்கன்னு கேட்டேன். சீசன் முடியட்டும்னுட்டாரு உங்க வீட்டுக்காரரு. உங்ககிட்ட மாத்தியாச்சுன்னு அவரு சொல்லிட்டதாவும் பேச்சிராஜ் சொன்னான். பாவம், எப்ப மாத்துவீகன்னு மூணு தடவை வந்து கேட்டுட்டுப் போயிட்டான்."

"அவன் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நானும் கேட்டேன். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நான் என்னத்தைப் பேச அண்ணாச்சின்னான்."

ராமலட்சுமி கையில எடுத்த டாக்டர் சீட்டைக் கீழ வச்சா.

"வண்டி சூடானா அந்த டிக் டிக் நின்னுரும்மா. சத்தம்தான் நிக்கும், விஷப் புகை வண்டிக்குள்ள கசியத்தான் செய்யும். ஓடும்போது கண்ணாடியை எறக்கிக்கோங்க. நிப்பாட்டி வச்சு, ஏசியைப் போட்டு, ஆளை மட்டும் உள்ள விட்டுராதீக. தூக்கம் வருத மாதிரிதான் இருக்கும். அப்புறம் முழிக்கவே..."

அவ முழுசாக் கேக்கல. போனை அங்கனயே போட்டுட்டு ஓடுனா.

சத்தம் நின்னுருந்துச்சு. சாவியைத் திருகி வண்டியை அணைச்சா. நாலு கதவையும் தொறந்து விட்டா. அப்பா கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தாரு. நல்லவேளை, முழிச்சுத்தான் இருந்தாரு. அவர் முதுகைத் தடவி விட்டா.

அப்பா இடது கையால அவ கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு.

நேத்து பேச்சிராஜைப் பிடிச்ச மாதிரியே. அவ ஒவ்வொரு விரலாப் பிரிச்சு விட்ட அதே பிடி.